ஆரக்கிள் புரொஃபைல் நல்ல வசதிதான், டிஃபால்ட்டை மட்டும் அப்படியே விடாதீர்கள்

ஆரக்கிள் டேட்டாபேஸில் பாஸ்வேர்ட் எத்தனை நாள் செல்லும், எத்தனை தடவை தப்பாக அடித்தால் அக்கவுண்ட் லாக் ஆகும், எப்போது தானாகத் திறக்கும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது புரொஃபைல் என்கிற வசதி. 10ஜி பதிப்பிலிருந்து 19சி பதிப்பு வரை இதோடுதான் என் பிழைப்பு. கேட்டால் நல்ல வசதி என்றுதான் சொல்வேன். ஆனால் கூடவே வரும் டிஃபால்ட் புரொஃபைலை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் சம்பளம் போடும் அப்ளிகேஷன் 10ஜி-யில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பாஸ்வேர்ட் ஆயுளுக்கு டிஃபால்ட்டாக வரம்பே கிடையாது. புதிதாக 11ஜி டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கி டேட்டாவை அதற்கு மாற்றினோம். 11ஜி-யின் டிஃபால்ட்டில் ஆயுள் 180 நாள், அதற்கு மேல் 7 நாள் அவகாசம். நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்து அப்ளிகேஷன் பதிவுகளில் ஓஆர்ஏ-28002, அதாவது பாஸ்வேர்ட் சீக்கிரம் காலாவதியாகும் என்ற எச்சரிக்கை, வர ஆரம்பித்து, ஆறாவது நாள்தான் ஒருவர் கண்ணில் பட்டது. உடனே பாஸ்வேர்டை மாற்றினோம், மூன்று அப்ளிகேஷன் சர்வரிலும் புது பாஸ்வேர்டைப் போட்டோம். வேறொரு டீம் கையில் இருந்த ரிப்போர்ட் சர்வர் ஞாபகத்துக்கே வரவில்லை.

அது சில விநாடிக்கு ஒருமுறை பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. பத்து தடவை தப்பாக அடித்தால் ஒரு நாள் லாக், அதுதான் டிஃபால்ட். மாதக் கடைசி, இரவு பத்தரை மணி. "அண்ணா, அன்லாக் பண்ணிட்டேன், ஒரு நிமிஷத்துல மறுபடி லாக் ஆயிடுச்சு" என்கிறான் கூட இருந்த தம்பி. குழப்பத்தைக் கூட்டியது என்னவென்றால், அக்கவுண்ட் லாக் ஆனாலும் ஏற்கெனவே இணைந்திருக்கும் செஷன்கள் அறுந்துபோகாது. அதனால் பாதிப் பேருக்கு வேலை நடக்கிறது, பாதிப் பேருக்கு அக்கவுண்ட் லாக் என்கிற ஓஆர்ஏ-28000 வருகிறது. நெட்வொர்க்காக இருக்குமோ என்று அரை மணி நேரம் அங்கே தேடினோம். அப்புறம் லாகின் முயற்சிகளைப் பட்டியலிடும் டிபிஏ ஆடிட் செஷன் வியூவைத் திறந்து, ரிட்டர்ன் கோடு 1017 (தப்பான யூசர் பெயர் அல்லது பாஸ்வேர்ட்) உள்ள வரிகளை மட்டும் எடுத்தால், எந்த மெஷினிலிருந்து வந்தது என்று காட்டும் யூசர்ஹோஸ்ட் நெடுவரிசையில் மேலிருந்து கீழ் வரை ஒரே பெயர், ரிப்போர்ட் சர்வர். அந்த சர்வீஸை நிறுத்தி, அன்லாக் செய்து, சம்பள வேலை ஓடி முடிய பன்னிரண்டரை ஆகிவிட்டது.

இதில் ஆரக்கிளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாத் தகவலும் டிபிஏ யூசர்ஸ் வியூவில் அக்கவுண்ட் ஸ்டேட்டஸ் என்கிற ஒரே நெடுவரிசையில் இருந்தது. 'லாக்டு' என்றால் ஒரு டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) கையால் பூட்டியது. 'லாக்டு (டைம்டு)' என்றால் தப்பான பாஸ்வேர்டால் பூட்டிக்கொண்டது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த ஒரு சொல்லை முதல் நிமிடமே கவனித்திருந்தால் நெட்வொர்க் பக்கம் போயிருக்கவே மாட்டோம். இவ்வளவு துல்லியமாக நிலையைச் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆனால் இதே நெடுவரிசை ஏமாற்றவும் செய்யும். 180 நாள் தாண்டினாலும், அந்த யூசர் அடுத்து லாகின் செய்யும் வரை ஸ்டேட்டஸ் 'ஓப்பன்' என்றே நிற்கும், அவகாசம் தொடங்குவதும் அந்த லாகினிலிருந்துதான். ஆகவே ஸ்டேட்டஸை மட்டும் நம்பாமல் பக்கத்தில் இருக்கும் எக்ஸ்பைரி டேட்டையும் பாருங்கள். இன்னொன்று, அவகாசத்தில் இருக்கும் அக்கவுண்டுக்குப் புரொஃபைலில் ஆயுளை வரம்பில்லாததாக மாற்றினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது, பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டால்தான் ஸ்டேட்டஸ் 'ஓப்பன்' ஆகும்.

பாஸ்வேர்ட் கடினமாக இருக்க வேண்டும் என்ற சோதனை டிஃபால்ட் புரொஃபைலில் கிடையவே கிடையாது, அந்த இடம் காலியாகத்தான் வரும். 12சி-யிலிருந்து கிடைக்கும் வெரிஃபை ஃபங்ஷனை நீங்களே இணைக்க வேண்டும்: குறைந்தது 8 எழுத்து, ஒரு எண்ணாவது வேண்டும், யூசர் பெயர் உள்ளே வரக்கூடாது. மனிதர்களுக்கு இது போதும். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டே 2017-இல் காரணமில்லாமல் அடிக்கடி பாஸ்வேர்ட் மாற்றச் சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டது. இன்னும் மாதாமாதம் மாற்றச் சொல்லும் ஆடிட்டர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த பாஸ்வேர்ட் கடைசியில் மானிட்டரில் ஒட்டிய சீட்டில்தான் போய் நிற்கிறது.

இந்த வசதியில் எனக்கு மனசு நிறைந்த இடம் ரோல்ஓவர். 21சி-யில் வந்தது, 19.12-லிருந்து 19சி-யிலும் உண்டு. புது பாஸ்வேர்ட் போட்ட பிறகும் பழையது குறிப்பிட்ட காலம் செல்லும், குறைந்தது ஒரு மணி நேரம், அதிகபட்சம் 60 நாள். அதற்குள் ஒவ்வொரு சர்வராக நிதானமாக மாற்றிக்கொண்டு போகலாம். அன்று இது இருந்திருந்தால், மறந்துபோன அந்த ரிப்போர்ட் சர்வரும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கும், நாங்களும் பதறாமல் தேடிப் பிடித்திருப்போம். ஆனால் இதுவும் டிஃபால்ட்டில் அணைந்தே வருகிறது, புரொஃபைலில் நீங்கள்தான் போட வேண்டும்.

இப்போது நான் புது டேட்டாபேஸ் கட்டினால் அன்றே இரண்டு புரொஃபைல் உருவாக்கிவிடுவேன். ஆட்களுக்கு ஒன்று: வெரிஃபை ஃபங்ஷன், லாக், அதோடு 90 நாள் எட்டிப்பார்க்காத அக்கவுண்டைப் பூட்டும் வசதி, அது 12.2-லிருந்து இருக்கிறது. அப்ளிகேஷன்களுக்கு இன்னொன்று: ஆயுள் வரம்பில்லை, நீளமான பாஸ்வேர்ட், ரோல்ஓவர் ஏழு நாள், மாற்றும் தேதியை நாங்களே காலண்டரில் குறித்து வைத்துக்கொள்கிறோம். டேபிள்களை வைத்திருக்கும் ஸ்கீமா யூசரைப் பூட்டியே வைத்திருக்கிறேன், அனுமதி பெற்ற மற்ற யூசர்கள் அந்த டேபிள்களைப் பயன்படுத்த அது தடையே இல்லை.