ராஜ்தூத் 350 இரட்டைக் கார்பரேட்டர்: பித்தளைக் கம்பியும் குளுக்கோஸ் பாட்டிலும்

1983-ல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த டூ ஸ்ட்ரோக் இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிளான ராஜ்தூத் 350-க்கு வீட்டில் செய்துகொள்ளும் கருவிகளில், பல வருஷப் புழக்கத்துக்குப் பிறகும் கைவிட முடியாதது ஒன்றுதான்: 1.6 மி.மீ. பித்தளை வெல்டிங் கம்பி. சிலிண்டருக்கு ஒரு கார்பரேட்டர் என்பதால், ஆக்சிலேட்டரைத் திருகும்போது காற்று வழியைத் திறக்கும் இரண்டு ஸ்லைடும் ஒன்றாக எழும்ப வேண்டும். அதை அளந்து பார்க்கத்தான் இந்தக் கம்பி. காதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். நன்றாக ஓடும் சிலிண்டர் மற்றதையும் சேர்த்து இழுத்துவிடும்.

ஒரே கம்பியில் 12 செ.மீ. துண்டுகள் இரண்டு வெட்டி, முனைகளை அரத்தால் மழுக்குங்கள். டிரில் பிட்டின் அடிப்பகுதியைச் செருகுபவர்களும் உண்டு. அது ஸ்லைடைக் கீறும், வேண்டாம். ஏர் ஃபில்டரைக் கழற்றி, கேபிள்களைத் தளர்த்தி, ஸ்லைடு அடியில் உட்காரும்வரை ஐடிலிங் ஸ்க்ரூக்களை வெளியே திருகுங்கள். கம்பியை ஸ்லைடுக்கு அடியில், அதிலிருந்து தொங்கும் ஊசிக்குப் பக்கவாட்டில் விட்டு, இன்ஜின் பக்க விளிம்புவரை தள்ள வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். ஸ்லைடின் ஃபில்டர் பக்கம் சாய்வாக வெட்டியிருக்கும். கம்பி அங்கேயே நின்றுவிட்டால் அளவு பொய்யாகிவிடும். ஸ்க்ரூவை முடுக்கி, கம்பி லேசான பிடிப்போடு நகரும் இடத்தில் நிறுத்துங்கள். இரு பக்கமும் அதே பிடிப்பு. அதன்பின் ஐடிலிங்கைக் கூட்டினாலும் குறைத்தாலும் இரண்டு ஸ்க்ரூவையும் ஒரே அளவு, கால் சுற்றாக.

கேபிள்களில் ஏறக்குறைய 1 மி.மீ. தளர்வு வைத்து, ஆக்சிலேட்டரை மெல்லத் திருகினால் இரண்டு கம்பியும் ஒரே கணத்தில் பிடி விட வேண்டும். முந்துகிற பக்கத்துக் கேபிளை இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பியும் பார்க்க வேண்டும். இன்ஜினுக்குள் ஆயிலைச் செலுத்தும் பம்பின் கேபிளைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். அதுவும் அதே கைப்பிடியிலிருந்து வருவது. பம்ப் பின்தங்கினால் ஆயில் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இந்த வேலைக்காக டேங்கைக் கழற்றிவிட்டு இன்ஜினுக்குப் பெட்ரோல் கொடுக்க குளுக்கோஸ் பாட்டில் அருமையான யோசனை, ஆனால் அதோடு வரும் டிரிப் செட் உதவாது. பெட்ரோல் பட்டுப்பட்டு அந்தக் குழாய் விறைத்து, இணைப்பில் வெடிக்கும். சொட்டு அறை வழியே ஐடிலிங்குக்குப் போதுமான பெட்ரோல்தான் வரும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் கார்பரேட்டரின் பெட்ரோல் கிண்ணம் வற்றி, கலவை மெலிந்து ஆர்.பி.எம். தாறுமாறாகும். அதைக் கேபிள் கோளாறு என்று நினைத்து, சரியாக வைத்ததையே கலைத்துவிடுவோம். பாட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு, பெட்ரோல் ஹோஸ், திறந்து மூடும் சின்ன டேப், இரண்டு கார்பரேட்டருக்கும் பிரித்துவிடும் வொய் இணைப்பு போடுங்கள். மேலே காற்றுத் துளை இல்லாவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். திறந்த வெளியில், சைலன்சருக்கு எட்டாத இடத்தில் கட்டுங்கள்.

இரு கார்பரேட்டரின் உறிஞ்சுதலை ஒப்பிட, ஆயில் நிரப்பிய யு வடிவக் குழாய் ஃபோர் ஸ்ட்ரோக் இரட்டை சிலிண்டருக்கு நல்ல கருவி. இதற்கு வேண்டாம், அதை மாட்டுவதற்காக இன்டேக் ரப்பரைத் துளைப்பது பெரிய தப்பு.

இவ்வளவுக்கும் முன்னால் ஸ்பார்க்கை எழுப்பும் பாயின்ட்டின் இடைவெளியையும், ஸ்பார்க் வரும் நேரமான டைமிங்கையும் சரிபாருங்கள். சிலிண்டருக்குத் தனித்தனி பாயின்ட் என்பதால், ஒன்று பிசகினாலும் கார்பரேட்டர் கோளாறு போலவே தெரியும். ஆக்சிலேட்டரை விட்டதும் ஆர்.பி.எம். இறங்கத் தயங்கினால், கம்பியைக் கையில் எடுக்குமுன் இன்டேக் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.