மின்னணு வாக்காளர் அட்டை: அம்மாவுக்காக எடுத்துப் பார்த்த அனுபவம்

அம்மாவின் வாக்காளர் அட்டை வீடு மாறியதில் எங்கோ தொலைந்துவிட்டது, அதனால்தான் இந்தச் சேவையைத் தேடிப் போனேன். பழைய ஜெராக்ஸ் ஒன்றில் எண் இருந்தது. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் தளத்தில் அதைப் போட்டு, செல்போனுக்கு வந்த ஓடிபியை அடித்ததும் பிடிஎஃப் இறங்கிவிட்டது, பைசா செலவில்லை. 2021 ஜனவரி 25-லிருந்தே இந்த வசதி இருக்கிறதாம், எனக்குத்தான் தெரியவில்லை. ஒன்று மட்டும் கவனம்: அட்டையோடு செல்போன் எண் சேர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் விவரங்களைத் திருத்துவதற்கான படிவம் 8 கொடுத்துச் சேர்க்க நாள் பிடிக்கும், ஓட்டுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்தால் வேலைக்கு ஆகாது.

அப்புறம், போனிலேயே காட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். வாக்குச்சாவடிக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை, பிரின்ட் எடுத்தே ஆக வேண்டும். நான் முதலில் போன கடையில் கறுப்பு வெள்ளையில் அடித்து லேமினேட்டும் போட்டுத் தந்தார்கள், அம்மாவின் முகம் இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் திட்டுதான் இருந்தது. வேறு கடைக்குப் போய்க் கலரில் எடுத்தேன்.

2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல். முதல் மேசையில் இருந்தவர் அட்டையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், "சரிங்கம்மா" என்று சொல்லி வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாக வாசித்தார், பின்னால் இருந்த கட்சி ஏஜென்ட்டுகள் தங்கள் பட்டியலில் டிக் அடித்தார்கள். அடுத்த மேசையில், ஓட்டுப் போட வந்தவர்களைக் குறித்துவைக்கும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்து, இடது ஆள்காட்டி விரலில் மை. அட்டையில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து தப்பு, அதற்காகத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அம்மா வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தார். ஆள் இன்னார் என்று தெரிந்தால் இந்த மாதிரிச் சின்னப் பிழைகளைப் பொருட்படுத்தக் கூடாது என்பதுதான் விதி, யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. 1989 சட்டமன்றத் தேர்தலில் இடுப்பில் என் தம்பியோடு வரிசையில் நின்று உள்ளே போனவரிடம், "உங்க ஓட்டைத்தான் போட்டாச்சேம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நம் ஓட்டை வேறு யாராவது போட்டுவிட்டால், தனியாக ஒரு வாக்குச்சீட்டில் டெண்டர் ஓட்டு என்று ஒன்று கேட்டு வாங்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலத்தில், 1993-ல்தான் புகைப்பட அட்டையே வந்தது. அட்டை கேட்பதைத் தொந்தரவு என்று சொல்பவர்களிடம் நான் சண்டைக்கே போவேன், அம்மாவின் ஓட்டை வேறு யாரோ போட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

ஆனால் அட்டை இல்லாதவரைத் திருப்பி அனுப்பினால் அதுவும் அதே அநியாயம்தான். நல்லவேளை, ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், போட்டோ ஒட்டிய வங்கிப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை என்று வேறு ஆவணங்களையும் ஏற்றுக்கொள்கிறார்கள். பூத் சிலிப்பை மட்டும் நீட்டினால் செல்லாது, 2019-லிருந்தே அப்படித்தான்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். செல்போனே இல்லாத பெரியவர்கள் பிள்ளைகளை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறதே, அதற்காக ஒன்று குறைத்தேன். கையில் எந்த அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டு கிடையாது, அதே தளத்தில் பெயரையும் தேடிப் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் 1950 என்ற உதவி எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.