நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் பயில்வோருக்கு கியூஜிஐஎஸ்: ஒரு மதிப்புரை

நகர ஊரமைப்புப் படிப்பில் சேர்ந்திருப்பவர்களும் அத்துறையில் வேலைக்குத் தயாராகிறவர்களும் முதலில் பழகிக்கொள்ள வேண்டிய மென்பொருள், கணினியில் வரைபடங்களைத் தயாரித்து ஆராய உதவும் கியூஜிஐஎஸ் (QGIS) என்பதே என் உறுதியான கருத்து. உரிமக் கட்டணம் ஏதுமில்லாத திறந்த மூல மென்பொருள் என்பதால், கல்லூரி ஆய்வகத்தை நம்பியிராமல் சொந்த மடிக்கணினியிலேயே பயிலலாம்.

2008-இல் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகர இரண்டாம் முழுமைத் திட்டத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தை இதில் ஏற்றி, நன்கு தெரிந்த சாலைச் சந்திப்புகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக (வரைபடத்தை அதன் உண்மையான இடத்தோடு இணைக்கும் அடையாளங்களாக) கொண்டு பொருத்தி, அதற்கடியில் செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பார்க்கும்போது, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதிகளில் தாளில் உள்ள வகைப்பாடும் தரையில் எழுந்துள்ள கட்டடங்களும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்பதைச் சர்வே எண் வாரியாகவே ஆராய முடிகிறது. வகுப்புக் குறிப்புகள் இவ்வளவு தெளிவாகக் கற்பிப்பதில்லை.

ஆயத்தொலைவு முறையை, அதாவது இடங்களின் அமைவிடத்தை எண்களால் குறிக்கும் முறையை, தேர்வதில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. அட்சரேகை, தீர்க்கரேகை அளவில் உள்ள வரைபட அடுக்கில் ஏரியைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு இடைவெளிப் பட்டை (buffer) வரைய முற்பட்டால், தூரத்தின் அலகு மீட்டராக இராமல் பாகையாக இருக்கும். மீட்டரில் அளக்கும் யூடிஎம் (UTM) முறையின் மண்டலங்களில், சென்னைக்கு 44 வடக்கு, கோவைக்கு 43 வடக்கு என்று முன்னதாகவே மாற்றிக்கொள்வது நல்லது.

புலப்படம், அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் நில அளவை வரைபடம், படிக்கும் திறனை இந்த மென்பொருள் தராது. அதை அனுபவமுள்ள நில அளவையரிடம்தான் கற்க வேண்டும். நேர்காணலுக்குச் செல்பவர்கள் தாமே தயாரித்த வரைபடம் ஒன்றையும் சான்றிதழ்களோடு எடுத்துச் செல்லுமாறு பரிந்துரைக்கிறேன்.