லோங்சுவான் பச்சையா, சிங்தேசென் நீலமா?

பழைய சீன பீங்கான் சேர்க்க ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் லோங்சுவான் ஊர்ப் பச்சைப் பீங்கானா, இல்ல சிங்தேசென் ஊர்ல வெள்ளைமேல நீல ஓவியம் போட்டதா, இந்த ரெண்டுல எதுன்னு குழம்புறாங்க, அதான் எழுதுறேன்.

விலை: லோங்சுவான்ல லேசா கீறல் விழுந்த சின்ன கிண்ணம்னா நம்மால வாங்க முடியுற விலைல கிடைக்கும். யுவான் வம்ச கால (13-14ம் நூற்றாண்டு) நீலத்த மியூசியத்துலதான் பாக்கணும், பின்னாடி வந்த சிங் வம்ச காலம்னா (17-20ம் நூற்றாண்டு) தேடலாம்.

காலம் கண்டுபிடிக்க: பச்சைல ராஜா பேர், தேதி மாதிரி எழுத்து ரொம்ப குறைவு, அடிப்பாகம், கிளேஸ் (மேல இருக்க கண்ணாடிப் பூச்சு) தடிமன் பாத்துதான் பழகணும். கொரியா பக்கம் 1323ல முழுகுன சினான் கப்பல்ல லோங்சுவான் ஆயிரக்கணக்குல கிடைச்சுது, நீலம் வெள்ளை ஒண்ணுகூட இல்ல! ஆனா பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்க டேவிட் ஜாடிகள்ங்கிற நீலம் வெள்ளை ஜோடில 1351னு தேதியே எழுதியிருக்கு, நடுவுல 28 வருஷம்தான், நெனச்சாலே சிலிர்க்குது.

போலி: நீலத்துல ராஜா பேர மட்டும் நம்பாதீங்க, சிங் ராஜா காங்சி காலத்துலயே, அவருக்கு முன்னாடி மிங் வம்சத்துல இருந்த செங்குவா ராஜா பேர் போட்டு செஞ்சிருக்காங்க.

தொட்டுப் பாத்து கத்துக்க பச்சை, ஓவியம் எழுத்துன்னு ஆராய நீலம். முதல் கிண்ணம்னா பச்சையே வாங்குங்க.