ஈறு நோய்க்கு கொழுப்பு மாத்திரையா, ஜெல்லா, க்ளீனிங்கா? கம்பம் - குமுளி பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு அலசல்

கொழுப்பு மாத்திரை போட்டா ஈறு நோய் சரியாயிடும்னு ஒரு பேச்சு இப்ப நம்ம பக்கம் சுத்திக்கிட்டு இருக்கு. காலையில ஜீப்புல ஏறி குமுளி தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போற சனம் வரைக்கும் வந்துருச்சு, "அப்பாவுக்கு வாங்குன அட்டோர்வாஸ்டாடின் வீட்டுல கெடக்குண்ணே, எனக்கு பல்லு ஆடுது, நானும் போட்டுக்கலாமா"ன்னு கேக்குறாங்க. முழுசாப் பொய்னா சிரிச்சுட்டுப் போயிரலாம், ஆனா இதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு, அதான் சிக்கல்.

உண்மை என்னன்னா, அட்டோர்வாஸ்டாடின் மாதிரி கொழுப்பு மாத்திரைங்களை ஸ்டாடின்னு சொல்வாங்க, இந்த ஸ்டாடின் மருந்துங்க கொழுப்பை மட்டும் குறைக்கிறதில்ல, வீக்கத்தையும் கொஞ்சம் அடக்கும். எலும்பு வளர்றதையும் தூண்டுதுன்னு 1999-லயே எலி மேல ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிட்டாங்க. ஈறு நோய்ங்கிறது என்ன, பல்லைச் சுத்தி காரை கட்டி, கிருமி சேந்து, அதை எதுத்து உடம்பு போடுற சண்டையில பல்லைத் தாங்குற எலும்பே கரைஞ்சு போறது. வீக்கத்தையும் அடக்கும், எலும்பையும் வளக்கும்னா இங்க உதவுமேன்னு டாக்டருங்க யோசிச்சதுல தப்பில்ல.

சரி, மாத்திரையா முழுங்குனா? அமெரிக்காவுல பாஸ்டன்ல 2013-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அட்டோர்வாஸ்டாடின் 80 மில்லிகிராம் போட்டவங்களுக்கு 10 மில்லிகிராம் போட்டவங்களை விட ஈறு வீக்கம் குறைஞ்சிருந்தது ஸ்கேன்ல தெரிஞ்சுது. ஆனா கவனிங்க, 80ங்கிறது ரொம்பப் பெரிய டோஸ், ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்குக் குடுக்குற அளவு. நம்ம ஆளுங்க நெறையப் பேரு போடுறது 10, 20 தான். முழுங்குற மாத்திரை மொதல்ல ஈரலுக்குத் தான் போகுது, ஈறு வரைக்கும் வந்து சேர்றது கொஞ்சம். சிலருக்கு தசை வலி வரும், ஈரல் டெஸ்ட்ல மாத்தம் காட்டும், சுகரும் லேசா ஏறலாம். கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு வழக்கமா இதை எழுதவே மாட்டாங்க. அதனால பல்லுக்காக மட்டும் இதை ஆரம்பிக்கிறது என் கணக்குல வேண்டாத வேலை. ஏற்கனவே ஹார்ட்டுக்காக, கொழுப்புக்காகப் போடுறீங்களா, தாராளமாத் தொடருங்க, ஈறுக்கு ஏதாச்சும் நல்லது நடந்தா அது கூடுதல் லாபம்.

அடுத்தது ஜெல். மாத்திரையை விட இதுல அறிவு இருக்கு, ஏன்னா மருந்து நேரா நோய் இருக்கிற எடத்துக்கே போகுது. 1.2 சதவீத சிம்வாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் ஜெல்லை ஊசி மாதிரி ஒண்ணுல எடுத்து ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல விழுற பள்ளத்துக்குள்ள, அதாவது பாக்கெட்டுக்குள்ள விடுவாங்க. இதுல உலகத்துக்கே முன்னாடி நின்னு வேலை பாத்தது பெங்களூரு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆளுங்க தான், 2010-ல இருந்து வரிசையா ரிசல்ட் போட்டாங்க, க்ளீனிங் மட்டும் பண்ணவங்களை விட ஜெல்லும் வச்சவங்களுக்கு பாக்கெட் ஆழம் நல்லாக் குறைஞ்சுது, எலும்பும் கொஞ்சம் நிரம்புச்சுன்னு. நம்ம ஊர்ப் பக்கத்து ஆளுங்க பண்ணதுன்னு எனக்குப் பெருமை தான். ஆனா 2020-ல ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு வழிகாட்டி போட்டப்ப, ஸ்டாடின் ஜெல்லை வழக்கமான வைத்தியத்துல சேக்க வேணாம்னுட்டாங்க. ஆராய்ச்சி பெரும்பாலும் ஒரே குழுகிட்ட இருந்து வந்தது, ரிசல்ட்டும் ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சி மாறி வந்துச்சுங்கிறது அவங்க தரப்பு. எனக்கும் அது ஞாயமாத் தான் படுது, வேற வேற ஊர்ல வேற வேற ஆளுங்க பண்ணியும் அதே ரிசல்ட் வரணும்ல.

ஜெல்லுக்குப் போட்டியா இருக்கிறது குளோர்ஹெக்சிடின்ங்கிற கிருமிநாசினி வச்ச சின்னச் சில்லு (சிப்), பாக்கெட்டுக்குள்ள சொருகி விட்டா அதுவே கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு கிருமியைக் கொல்லும். எலும்பை வளக்குற வேலையெல்லாம் இதுகிட்ட எதிர்பாக்காதீங்க. ஆனா அந்த ஐரோப்பியக் கூட்டமே இதை வேணும்னா சேத்துக்கலாம்னு விட்டு வச்சிருக்கு, நான் பணம் குடுத்து ஒண்ணு வைக்கிறதா இருந்தா ஜெல்லை விட்டுட்டு இதைத் தான் வைப்பேன். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் வேற கதை, ரொம்ப நாள் கொப்புளிச்சா பல்லுல கறை ஏறும், நாக்குல ருசி மாறும். ஆன்டிபயாடிக் மாத்திரையை எல்லாருக்கும் குடுக்கக் கூடாதுங்கிறாங்க. நெறைய எடத்துல எழுதுற மெட்ரோனிடசோல் இருக்கே, அதோட சாராயம் சேரவே கூடாது, சனிக்கிழமை கூலி வாங்குனவங்க இதைக் காதுல போட்டுக்கங்க. குமுளி வைத்தியசாலையில வாங்குற அரிமேதாதி தைலம் கொப்புளிக்க இதமாத் தான் இருக்கும், ஈறுக்குக் கீழ கல்லு மாதிரி இறுகுன காரையை அது எடுக்காது.

அந்தக் காரையை எடுக்கிறது க்ளீனிங் மட்டும் தான். மேலாப்புல பண்றதைச் சொல்லல, ஈறுக்கு அடியில வேர் வரைக்கும் சுரண்டுற டீப் க்ளீனிங். நல்ல ஈறுன்னா பாக்கெட் ஆழம் 3 மில்லிமீட்டருக்குள்ள இருக்கும், 4-க்கு மேல போனாத் தான் இந்த வேலை தேவைப்படும், ரொம்ப ஆழமாப் போயிருந்தா ஈறைத் திறந்து ஆபரேஷன். "க்ளீன் பண்ணா பல்லு ஆடும்டா"ன்னு நம்ம அப்பத்தாக்கள்ல இருந்து எல்லாரும் சொல்லிட்டாங்க. ஆட்டுறது க்ளீனிங் இல்ல, எலும்பு முன்னாடியே கரைஞ்சு போச்சு, காரை தான் சிமெண்டு மாதிரி பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கொஞ்ச நாள் பல்லு கூசும், சந்து தெரியும், அவ்வளவு தான். சுகர்காரங்களுக்கு இன்னொரு விஷயம், ஈறு வைத்தியம் ஒழுங்காப் பண்ணா மூணு நாலு மாசத்துல HbA1c, அதாவது மூணு மாசச் சராசரி சுகரைக் காட்டுற டெஸ்ட், சுமார் 0.4 சதவீதப் புள்ளி அளவுக்கு இறங்குதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. ஸ்டாடின் சுகரை லேசா ஏத்தும், க்ளீனிங் இறக்கும், எதை முதல்ல பண்ணணும்னு நீங்களே பாத்துக்கங்க. ஜெல், சிப் எல்லாமே இந்த க்ளீனிங்குக்குத் துணையா வச்சது தானே ஒழிய, அதுக்குப் பதிலா வச்சது கிடையாது. கன்னத்துல புகையிலையை அடக்கி வச்சுக்கிட்டே இதெல்லாம் பண்ணாலும் பிரயோஜனம் இல்ல, அடக்குற எடத்துல ஈறு கீழ இறங்கிக்கிட்டே தான் இருக்கும்.

இதுல யாரும் கவனிக்காத ஒண்ணு அம்லோடிபின். பிரஷருக்கு அரசு ஆஸ்பத்திரியில குடுக்குற மாத்திரை, சிலருக்கு இதுவே ஈறை வீங்க வச்சுப் பல்லு மேல வளர விட்டுரும். கொழுப்பு மாத்திரை போடுறவங்கள்ல நெறையப் பேரு பிரஷருக்கும் போடுறவங்க தானே, அப்ப வீக்கம் எதனாலன்னு பாக்காம ஸ்டாடினைக் கூட்டி என்ன பண்ண? நீங்களா நிறுத்திறாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லி மாத்திக்கலாம்.

பெரிய கேஸுன்னா குமுளியில பஸ் ஏறி கோட்டயம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போறது ஒரு வழி, மலை எறங்கி மதுரைப் பக்கம் போறது இன்னொரு வழி. எங்க போனாலும் போடுற மாத்திரை அட்டையெல்லாம் எடுத்துட்டுப் போங்க. பென்சிலின் ஒத்துக்காதவங்களுக்கு பல் டாக்டர் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் எழுதலாம், அது சிம்வாஸ்டாடினோட சேந்தா தசையே கெட்டுப் போற அளவுக்கு ஆகும், அட்டோர்வாஸ்டாடினோடயும் ஜாக்கிரதையா இருக்கணும். வாய்ப்புண் பூஞ்சைக்குத் தடவுற மைக்கோனசோல் ஜெல்லும் அப்படித் தான். அப்பறம் கேரளா பக்கம் ஒரு கம்பெனி பேருல வாங்குனது, கம்பத்துல வேற பேருல வாங்குனது ரெண்டுமே ஒரே அட்டோர்வாஸ்டாடினா இருக்கலாம், ரெண்டையும் போட்டுக்கிட்டு இருக்கீங்களான்னு அட்டையில சின்ன எழுத்துல இருக்கிற மருந்துப் பேரைப் படிச்சுப் பாத்துக்கங்க.