விடுமுறைக்குச் சென்னையில் வீடு புக் செய்கிறீர்களா? 18,600 ரூபாய் போன கதை இது

குடும்பத்தோடு சென்னை போக நினைப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். இந்த மாதிரி ஆட்களிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

குடியரசு தினத்தை ஒட்டி சனி, ஞாயிறு, திங்கள் என்று சேர்ந்தாற்போல் லீவு. அம்மா, அண்ணன் குடும்பம், நாங்கள், பிள்ளைகள் எல்லோரும் மதுரையிலிருந்து கிளம்பினோம். பிள்ளைகளுக்கு மெரினாவும் வண்டலூரும், அம்மாவுக்குக் கபாலீசுவரர் கோயில், மற்றவர்களுக்குப் பாண்டி பஜார். அம்மாவுக்குச் சர்க்கரை, வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அதனால் நாள் வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் ஒரு பெரிய ஆப்பில், தி.நகரில் சமையலறையோடு ஒரு ஃபிளாட் எடுத்தேன். 18,600 ரூபாய். மொத்தத்தையும் ஆப்பிலேயே கட்டினேன். வெளியே யார் கணக்குக்கும் ஒரு பைசா அனுப்பவில்லை.

வீட்டுக்காரர் என்று பேசியவர் என்ன பாசமாகப் பேசினார் தெரியுமா? "அம்மாவுக்கு முட்டி வலியா சார்? லிஃப்ட் இருக்கு, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கு, கவலையே படாதீங்க." வீடியோ காலில் ஒவ்வோர் அறையாகக் காட்டினார். பால்கனியிலிருந்து உஸ்மான் ரோடு மேம்பாலம் தெரிந்தது. அம்மா காலையில் இட்லிதான் சாப்பிடுவார் என்றதும், இட்லிக் குண்டானைத் திறந்து தட்டுகளை எடுத்துக் காட்டினார். பக்கத்தில் இருந்த அம்மா, "நல்ல பிள்ளையா இருக்கான்ப்பா" என்றார். அதற்கு மேல் ஒரு மனுஷனிடம் என்ன விசாரிப்பது?

பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து விடிகாலை எழும்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து அந்த முகவரிக்குப் போனால் கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் எழுந்து வந்து, "இங்க யாரும் அப்படி வாடகைக்கு விடுறதில்ல சார். நேத்தும் ஒரு குடும்பம் இப்படித்தான் வந்து நின்னுட்டுப் போச்சு" என்றார். அந்த ஆளுக்குப் போன் போட்டேன். முதலில் மணி அடித்தது, அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். அம்மா வாட்ச்மேன் நாற்காலியில், இன்சுலின் வைத்த ஐஸ் ஃபிளாஸ்க்கை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

சரி, ஆப் காப்பாற்றும் என்று நினைத்தேன். "24 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்" என்றார்கள். எட்டு பேர் தெருவில் நிற்கிறோம், 24 மணி நேரமாம்! அப்புறம் வந்த மெயிலில், விருந்தினர் வரவே இல்லை என்று வீட்டுக்காரர் பதிவு செய்துவிட்டாராம், அதனால் 18,600 ரூபாயில் எதுவும் திரும்பக் கிடைக்காதாம். கேட் முன்னால் எடுத்த போட்டோவை நேரத்தோடு அனுப்பினேன். உள்ளே விடவில்லை என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவர் பேசுவார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், கடைசியில் "சிரமத்துக்கு வருந்துகிறோம்". அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் கென்னட் லேனில் லீவு நாள் ரேட்டில் ரூம் போட்டது தனிச் செலவு. வண்டலூரும் இல்லை, மெரினாவும் இல்லை.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், தாமதித்தால் பணத்தை முடக்குவது கஷ்டம். ஆப் கையை விரித்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. கேட் முன்னால் நின்று வீடியோ எடுங்கள், வாட்ச்மேன் பேசுவதோடு சேர்த்து. வயதானவர்களோடு போனால் ரயில் நிலையம் பக்கத்தில் லாட்ஜே போதும்.

அந்த ஃபிளாட் இன்னும் 'சரிபார்க்கப்பட்டது' என்ற பச்சை முத்திரையோடு அந்த ஆப்பில் இருக்கிறது. அதே தி.நகர் கேட் முன்னால் நின்றுவிட்டு வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சேர்ந்தே வழக்குப் போடுவோம். நான் மதுரையில் மனு எழுத ஆரம்பித்துவிட்டேன்.