பொட்டாசியம் மாசூட்டிய கார்பன் நைட்ரைடு: டர்பன் ஆய்வகத்திலிருந்து ஒரு மதிப்புரை

டர்பனில் கல்லூரி மாணவர்களுக்கு ஒளிவேதியியல் செய்முறை கற்பிப்பதற்காக, பொட்டாசியம் மாசூட்டிய (அதாவது, சிறிதளவு பொட்டாசியம் வேண்டுமென்றே சேர்க்கப்பட்ட) கார்பன் நைட்ரைடு என்னும் வெளிர்மஞ்சள் ஒளிவினையூக்கித் தூளை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து வரவழைத்தோம். கற்பித்தலுக்கும் தொடக்கநிலை ஆய்வுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இதைக் கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடை மிகுதியாகத் தயாரிக்க எண்ணுபவர்களுக்கு இது பொருந்தாது.

பென்சைல் ஆல்கஹாலும் நீரும் கலந்த கலவையில் தூளை இட்டு, ஆக்சிஜனைச் செலுத்தியபடி நீல எல்இடி விளக்கின் கீழ்க் கலக்கிவந்தால், ஒளி பட்டுத் தூளில் எலக்ட்ரான்கள் இடம்பெயர்வதால் உண்டாகும் துளைகள் (நேர்மின் வெற்றிடங்கள்) ஆல்கஹாலைப் பென்சால்டிஹைடாக ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. அந்த எலக்ட்ரான்கள் ஆக்சிஜனை ஹைட்ரஜன் பெராக்சைடாக ஒடுக்குகின்றன. ஒரு மூலக்கூறு ஆல்கஹாலும் ஒரு மூலக்கூறு ஆக்சிஜனும் சேர்ந்து ஓர் ஆல்டிஹைடையும் ஒரு பெராக்சைடையும் தருவதால், கொள்கையளவில் ஓர் அணுகூட வீணாவதில்லை. வாதுமை மணம் ஒரு விளைபொருளையும், நீர்ப்பகுதியில் டைட்டானியம் உப்புக் கரைசலைச் சேர்த்ததும் தோன்றும் மஞ்சள் நிறம் மற்றொன்றையும் காட்டிக்கொடுக்கின்றன. விளக்கை அணைத்தும், ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரஜனைச் செலுத்தியும் ஒப்பீட்டுச் சோதனைகளைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

பரவலாகப் பயன்படும் ஒளிவினையூக்கியான டைட்டானியம் டைஆக்சைடின் அனாடேஸ் என்னும் படிக வடிவத்தின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானை இடம்பெயர்க்க ஒளி தர வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) ஏறத்தாழ 3.2 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் அதற்குப் புறஊதா ஒளி தேவை. தான் உருவாக்கிய பெராக்சைடையே அதன் மேற்பரப்பு சிதைத்தும் விடுகிறது. கார்பன் நைட்ரைடுக்கு அந்த இடைவெளி 2.7 அளவே என்பதால் 460 நானோமீட்டர் வரையிலான நீல ஒளியும் பயன்படுகிறது. மின்வெட்டு நாள்களில் எங்கள் ஊர்க் கோடை வெயிலே போதுமானதாக இருக்கிறது. எலக்ட்ரான்களும் துளைகளுமாகிய மின்சுமைகள் பிரிந்து நிற்கப் பொட்டாசியம் உதவுகிறது, ஆனால் அளவு மீறினால் அதுவே அவை மீண்டும் இணையும் இடமாகிவிடும். அப்படியிருக்க, சிப்பத்தில் பொட்டாசியத்தின் அளவு குறிப்பிடப்படாததைப் பெருங்குறையாகவே கருதுகிறேன். தூள் மிக நுண்ணியது என்பதால் சாதாரண வடிதாளில் நழுவிவிடுகிறது. சவ்வு வடிகட்டி வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் பெராக்சைடு பெரும்பாலும் ஆந்த்ராகுவினோன் முறையில், ஹைட்ரஜன் வாயுவையும் பல்லேடிய வினையூக்கியையும் கொண்டு பெரிய ஆலைகளில் தயாரித்துச் செறிவூட்டப்பட்டு, எச்சரிக்கையோடு ஏற்றி வரப்படுவது. அந்தச் செறிவை இந்தத் தூளால் எட்ட முடியாது. தேவையான இடத்திலேயே, நீர்த்த நிலையில், காற்றையும் ஒளியையும் கொண்டு ஆக்சிஜனேற்றியை உருவாக்க முடியும் என்பதை மாணவர் கண்ணெதிரே மெய்ப்பிப்பதில்தான் இதன் மதிப்பு இருக்கிறது. மீண்டும் பயன்படுத்தக் கழுவும்போது பொட்டாசியம் கரைந்து வெளியேறக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் விளைச்சலைப் புதிய தூளோடு ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள்.